முட்டை ஒவ்வாமை: இல்லை

ஜூலை 3, புதன்

இந்த டைரி குடியாத்தத்தில் ஓர் அரிசி மண்டியில் இரண்டு வருடத்துக்கு முன்னால் கொடுத்தது. ஒரு பக்கம்கூடத் தொடவில்லை. கிழமை எதுவும் பொருந்தாது. அச்சடித்த கிழமையை அடித்துவிட்டு மேலே சரியான கிழமையை எழுதிக்கொள்கிறேன். ஆப்பிரிக்காவில் ஒரு வருடம் என்ன செய்வீர்கள், எதையாவது எழுதிக்கொண்டு இருங்கள், அங்கே போய் ஆரம்பிப்பதற்கு இங்கேயே பழகுங்கள் என்றாள் வசுமதி. பெண்டாட்டி சொன்னதை உடனே கேட்கிற ஆள் இல்லை நான். இன்று மழை, வேலை குறைவு, அதனால் ஆரம்பிக்கிறேன்.

எங்கள் பட்டாலியன் அமைதிப்படைக்குப் போகிறது. முதல் கம்பெனி நூற்றுப் பதினெட்டுப் பேர். அந்த நாட்டு விமான நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட புத்தகத்தைக் காட்டாவிட்டால் வெளியே விடமாட்டார்கள், சிப்பாயோ கர்னலோ. ஊசி போடுவது எங்கள் எம்.ஐ. ரூமின் பொறுப்பு. எம்.ஐ. ரூம் என்றால் யூனிட்டின் மருத்துவ அறை: இரண்டு கட்டில், ஒரு ஃபிரிட்ஜ், ஒரு டாக்டர், அப்புறம் நான். ஹவில்தார் தனகோட்டி, நர்சிங் அசிஸ்டென்ட், இருபத்தொரு வருட சர்வீஸ். டெட்டனஸ், டைஃபாய்டு, மஞ்சள் காமாலை என்று நான் குத்தாத கை இந்தப் பட்டாலியனில் இல்லை. ஒருவனும் என் ஊசியால் ஒரு நாள் படுத்ததில்லை.

ஜூலை 4, வியாழன்

நாளைக்கு மருந்து வருகிறது. ஐஸ் பெட்டியில் வரும். ஒரு குப்பி பத்துப் பேருக்கு. கலக்கினால் ஆறு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிஞ்சினால் கொட்ட வேண்டும். அதனால் வரிசை நிற்காமல் ஓடவேண்டும்.

மதியம் சாப்பிட்டு உட்கார்ந்தவன் நாலரை மணிக்கு நூற்றுப் பதினெட்டுப் படிவத்தையும் முடித்துவிட்டேன். பெயர், நம்பர், ரத்த வகை, முன்பு போட்ட ஊசிகள். கடைசியில் ஐந்து கேள்விகள். அதில் ஒன்று முட்டை ஒவ்வாமை உண்டா என்பது. இந்த மருந்தைக் கோழிமுட்டைக்குள் வளர்த்து எடுக்கிறார்கள், அதனால் அந்தக் கேள்வி. நான் ஏனோதானோ என்று செய்யவில்லை. லங்கரிலிருந்து, அதாவது எங்கள் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து, முட்டை வாங்குகிறவர்கள் பட்டியலை வரவழைத்துப் பார்த்தேன். ஐந்து பேர் மட்டும் வாங்குவதில்லை. ஐவரும் சைவம் என்று போட்டிருந்தது. மற்றவர்கள் தினமும் இரண்டு முட்டை சாப்பிடுகிறவர்கள், அவர்களுக்கு என்ன ஒவ்வாமை. சைவக்காரனுக்கு முட்டையே கிடையாது, அவனுக்கு என்ன ஒவ்வாமை. எல்லாவற்றிலும் இல்லை.

கை வலிக்கிறது.

ஜூலை 5, வெள்ளி

அறுபத்து மூன்று பேருக்குப் போட்டோம். நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். சிப்பாய் பூவலிங்கம் பெரிய ஆஸ்பத்திரியில்.

ஜூலை 6, சனி

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். பின்னால் யாராவது கேட்டால் தேதியும் நேரமும் கையில் இருக்க வேண்டும்.

ஒன்பது மணிக்கு மருந்து வந்தது. ஒன்பது பத்துக்கு முதல் குப்பி. எங்கள் டாக்டர் கேப்டன் அனிர்பன் உள்ளே மேஜையில் இருந்தார். நான் வாசலில் படிவம் கொடுத்துக் கையெழுத்து வாங்கி, உள்ளே வந்து ஊசி போட்டேன். வரிசை நன்றாக ஓடியது. பூவலிங்கம் அறுபத்து மூன்றாவது ஆள். இருபத்தாறு வயது, விளாத்திகுளம் பக்கம், வாலிபால் நன்றாக ஆடுவான், அதிகம் பேசாதவன். படிவத்தை வாங்கிக்கொண்டு என்னவோ சொல்ல வந்தான். ஊசி வலிக்குமா என்றிருக்கும். கையெழுத்துப் போட்டான். பத்து நாற்பதுக்கு ஊசி.

ஊசி போட்டவர்களை அரை மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்காரவைக்கிறோம். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, அடுத்தவன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். "தனகோட்டிண்ணே, இவன் மூஞ்சியப் பாருங்க" என்று யாரோ கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் உதடும் கண்ணும் வீங்கி, கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாக. மூச்சை இழுக்கிறான், உள்ளே போகவில்லை. அட்ரினலினைத் தொடையில் நான்தான் போட்டேன். ஐந்து நிமிடத்தில் இரண்டாவது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது நாடி நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வாசல்வரை நெஞ்சை அமுக்கிக்கொண்டே போனேன். அங்கே குழாய் போட்டார்கள், நாடி திரும்பியது. நினைவு திரும்பவில்லை.

மூளைக்கு எத்தனை நிமிடம் ஆக்ஸிஜன் போகவில்லை என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். ஆறு இருக்கும் என்றேன். உண்மையில் ஏழு.

கமாண்டிங் ஆபீசர் என் தோளைத் தட்டி, நீ இல்லாவிட்டால் வாசலிலேயே போயிருப்பான் என்றார்.

ஜூலை 7, ஞாயிறு

ஃபிரிட்ஜைத் துடைத்தேன். வெப்பநிலைப் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. மருந்தில் பிழையில்லை. அதே குப்பியில் போட்ட மற்ற இரண்டு பேரும் நேற்று வாலிபால் ஆடினார்கள்.

மாலையில் லங்கர் சமையல்காரர் வியாகுலம் டீ கொண்டுவந்தார். எனக்கு இரண்டு வருடம் சீனியர், நாகர்கோவில்காரர். கட்டிலில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டே பேசினார்.

"தனகோட்டி, அந்த ஊசியில முட்டை உண்டாமே, உள்ளதா?"

"முட்டையில வளக்கிறது. யாரு சொன்னா?"

"டாக்டர் சொன்னாரு. அந்தப் பயலுக்கு முட்டை ஆகாதுல்லா. முட்டை பொரிச்ச தவாவுல அவனுக்குச் சப்பாத்தி போடமாட்டேன் நான். தனியா ஒரு தவா வச்சிருக்கேன்."

"சைவம்னுதானே போட்டிருந்தது லிஸ்ட்ல."

"அந்த லிஸ்ட்ல ரெண்டே ரெண்டு கட்டம்தான், சைவம், அசைவம். முட்டை ஆகாதவனை எதுல போட? ஞாயித்துக்கிழமை அவன் கோழி திம்பான், மீனு திம்பான். முட்டைதான் ஆகாது. ஒங்கிட்ட சொல்லலியா அவன்?"

சொல்லவில்லை என்றேன். டீ ஆறிவிட்டது.

ஜூலை 8, திங்கள்

கேப்டன் அனிர்பன் கூப்பிட்டார். சின்ன வயது, முப்பதுகூட இல்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பூவலிங்கத்தின் படிவம் அவர் முன்னால் இருந்தது. முட்டை விஷயத்தை வியாகுலம் அவரிடமும் சொல்லிவிட்டிருந்தார்.

"இந்தக் கேள்வியை அவனிடம் கேட்டீர்களா?"

"கேட்டேன் சார்."

"இல்லை என்றானா?"

"இல்லை என்றான் சார்."

"அப்படியானால் ஏன் மறைத்தான்?"

வெளிநாடு போகிற வாய்ப்பு, பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயந்திருப்பான் என்றேன். அப்படி மறைக்கிறவர்கள் உண்டு, நான் பார்த்திருக்கிறேன். அது பொய் இல்லை.

ஜூலை 10, புதன்

விசாரணை தொடங்கிவிட்டது. ஒரு மேஜர், இரண்டு அதிகாரிகள். எழுத்துமூலம் வாக்குமூலம் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். "படிவத்தில் உள்ள அனைத்துக் கேள்விகளையும் கேட்டு, அவர் சொன்ன பதிலை எழுதி, அவரிடம் கையெழுத்துப் பெற்றேன்." கையெழுத்து அவனுடையதுதான், யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அந்த மேஜர் எம்.ஐ. ரூமில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நூற்றுப் பதினெட்டுப் பேர், ஆறு மணி நேரத்தில் கெட்டுப்போகிற மருந்து, ஊசி போட ஒரு ஆள். ஒவ்வொருவனையும் நிறுத்தி வைத்து ஐந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் மருந்தைச் சாக்கடையில்தான் ஊற்ற வேண்டும். எந்த யூனிட்டிலும் படிவத்தை முதல் நாளே நிரப்பித்தான் வைக்கிறார்கள்.

வசுமதி போன் செய்தாள். மோட்டார் ரிப்பேர், மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. "ஏன் குரல் ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். ஜலதோஷம் என்றேன்.

ஜூலை 12, வெள்ளி

பூவலிங்கத்தின் அக்கா வந்திருக்கிறார். பெயர் சண்முகக்கனி. அப்பா அம்மா இல்லை, இவர்தான் அவனை வளர்த்தது. தமிழ் பேசுகிற ஆள் வேண்டும் என்று என்னையே ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்த களைப்பு. ஒரு ஒயர்கூடை, ஒரு போர்வை. ஜீப்பில் ஏறியதும் கேட்டார்.

"அண்ணாச்சி, அவன் நெஞ்சை அமுக்கி உசுரைக் காப்பாத்துனது நீங்கதானாமே."

தலையை ஆட்டினேன்.

"நல்லாருக்கணும் நீங்க."

ஆஸ்பத்திரி வரை அவரேதான் பேசினார். பூவலிங்கம் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்தில் சத்துணவு முட்டை சாப்பிட்டு முகமெல்லாம் வீங்கிவிட்டதாம். இவர் அப்போது ஆறாம் வகுப்பு. அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு மெயின்ரோடு வரை ஓடினாராம். "அதுலருந்து எங்க போனாலும் மொத வார்த்தையே அதுதான் அண்ணாச்சி. கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்தாக்கூட, முட்டை போட்டிருக்கான்னு கேட்டுட்டுத்தான் கை வைப்பான். பட்டாளத்துல மட்டும் எப்படிச் சொல்லாம விட்டான்?"

மழைத்தண்ணீர் தேங்கியிருந்த இடமாகப் பார்த்துப் போகச் சொல்லி டிரைவரிடம் பேச ஆரம்பித்தேன். தேங்காத இடமாக என்று எழுத வேண்டும்.

ஜூலை 15, திங்கள்

பத்து நாள். குழாயோடுதான் கிடக்கிறான். காலையில் யூனிட் கோயிலுக்குப் போய், அவன் கண் திறக்க வேண்டும் என்று கும்பிட்டேன். பக்கத்தில் இருக்கிற மாதா படத்துக்கும் வியாகுலத்தோடு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, கண் திறந்தால் பேச்சு உடனே வருமா, பழையதெல்லாம் நினைவிருக்குமா என்று கேட்டேன். அந்த டாக்டருக்கு எரிச்சல். முதலில் பிழைக்கட்டும் என்றார்.

ஜூலை 16, செவ்வாய்

கொதிக்கவைக்கிற பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிட்டேன். தண்ணீர் வற்றிக் கத்தரிக்கோல் எல்லாம் கறுத்துப்போயிற்று. இருபத்தொரு வருடத்தில் முதல் தடவை.

ஜூலை 18, வியாழன்

கண் திறந்துவிட்டான். கம்பெனியில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

போய்ப் பார்த்தேன். மூன்று நாள் தள்ளிப்போட்டதே அதிகம்.

அந்த உடம்பை வைத்துக்கொண்டா வாலிபாலில் அப்படி எகிறினான் என்றிருந்தது. வலது கை அசையவில்லை. பேச்சு குழறுகிறது, ஒரு வார்த்தைக்கும் இன்னொன்றுக்கும் இடையில் தேடுகிறான். அக்கா தலைமாட்டில் உட்கார்ந்து வாயோரம் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து இடது கையைத் தூக்கி சல்யூட் வைக்கப் பார்த்தான்.

"அண்ணே. எனக்கு அன்னைக்கு நடந்தது ஒண்ணுமே நெனவுல இல்லண்ணே. காலைல சேவிங் பண்ணது மட்டும் இருக்கு."

"பரவால்ல, பேசாத. ஓய்வெடு."

"மேஜர் சாப் வந்தாக. நீங்க முட்டையப் பத்திக் கேட்டீகளாம், நான் இல்லன்னு சொன்னேனாம். நான் ஏண்ணே அப்படிச் சொன்னேன்?"

நான் அவன் கால்மாட்டில் இருந்த அட்டையை எடுத்து நாடி, காய்ச்சல் எல்லாம் படித்தேன்.

"தப்பு பண்ணிட்டேண்ணே. ஒங்களுக்கும் கெட்ட பேரு. அக்காவுக்கும் அலைச்சல்" என்று அழ ஆரம்பித்துவிட்டான். அழுகைகூட ஒரு பக்கமாகத்தான் வருகிறது.

நினைவில்லை என்று அவன் சொன்ன உடனே எனக்கு நிம்மதியாக இருந்தது. பதினாறு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது போல இருந்தது. அதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். வேறு எங்கே எழுதுவது.

ஜூலை 22, திங்கள்

ஊசி வலிக்குமா என்று அவன் கேட்கவில்லை.

படிவத்தைக் கையில் வாங்கியதும் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, "அண்ணே, இந்த முட்டை…" என்றான். பின்னால் வரிசை நின்றது. குப்பி திறந்திருந்தது. "முட்டையெல்லாம் லங்கர்ல வியாகுலம் குடுப்பாருடா, இங்க ஊசி மட்டும்தான். கையெழுத்தப் போடு" என்றேன். வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டேதான் போட்டான்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. காலையிலிருந்து நல்ல மூடில் இருந்தேன்.

ஜூலை 24, புதன்

விசாரணை அநேகமாக முடிந்துவிட்டது. பூவலிங்கத்தின் வாக்குமூலம் மட்டும் பாக்கி. கேப்டன் அனிர்பன் விளக்கமாகச் சொன்னார். அவன் இனி படைக்குத் தகுதியில்லை, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தெரிந்தே மறைத்தான் என்று முடிவானால் அது அவனே தேடிக்கொண்டது என்று காகிதத்தில் ஏறும். படையால் வந்த ஊனம் என்று ஆகாது. ஊருக்குப் போகிறபோது அந்த வரியும் அவன் கூடவே போகும்.

"அவனால் எழுத முடியாது. கை வரவில்லை. ஹிந்தி சொன்னால் புரிகிறது, பேச வரவில்லை, தமிழ் மட்டும்தான் பேசுகிறான். நீங்கள் போய் அவன் சொல்வதைக் கேட்டு எழுதி, கைரேகை வாங்கி வாருங்கள். அவனே ஒப்புக்கொள்கிறான் என்று மேஜர் சொல்கிறார். அரை மணி நேர வேலை."

என்னையா, சார், என்றேன்.

"உங்களைத்தான் அவன் நம்புகிறான்" என்றார்.

ஜூலை 25, வியாழன்

இரண்டு வெள்ளைத்தாள், பேனா, மை அட்டை எடுத்துக்கொண்டு பத்து மணிக்குப் போனேன். அக்கா அவனுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேலே பெயர், நம்பர், தேதி எழுதினேன்.

"சொல்லு பூவலிங்கம்."

"நீங்களே எழுதிருங்கண்ணே. எது சரியோ அத எழுதுங்க. நான் ரேகை வைக்கேன்."

இடது கட்டைவிரலை நீட்டிவிட்டான். நான் இன்னும் ஒரு வரி எழுதவில்லை, விரல் தயாராக இருக்கிறது. பேனாவை மூடினேன், மறுபடி திறந்தேன். அக்கா சீப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பூவலிங்கம், ஒனக்கு முட்டை ஒத்துக்காதா?"

என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

"ஒத்துக்காதுண்ணே. சின்னதுலருந்தே. மொகம் வீங்கிரும், மூச்சு முட்டும். யார் கேட்டாலும் சொல்லிருவேன். அன்னைக்குத்தான் என்னமோ…"

அவன் சொன்னதை அப்படியே எழுதினேன். 'அன்னைக்குத்தான் என்னமோ' என்பதை எழுதவில்லை.

"அன்னைக்கும் நீ சொல்ல வந்த. நான்தான் கேக்கல. அதுக்கு முந்துன நாளே இல்லன்னு நான் எழுதி வச்சுட்டேன். ஒன்னை மட்டும் இல்ல, ஒருத்தனையும் கேக்கல. நீ முட்டைன்னு ஆரம்பிச்ச, நான் கிண்டல் பண்ணேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீ கையெழுத்துப் போட்ட."

மடமடவென்று சொல்லிவிட்டேன். மெதுவாகச் சொல்லியிருந்தால் நடுவில் நிறுத்தியிருப்பேன்.

பூவலிங்கத்துக்கு முழுவதும் போய்ச் சேர நேரம் ஆயிற்று. உதடு அசைந்தது. பிறகு, "அப்ப நான் சொன்னேனாண்ணே?" என்றான்.

"சொன்னடா."

"சொன்னேன்க்கா" என்றான் அக்காவிடம் திரும்பி. முகத்தில் ஒரு சந்தோஷம். ஊசி போட்ட நாளுக்குப் பிறகு அவன் முகத்தில் நான் பார்த்த முதல் சந்தோஷம் அதுதான். என்னைத் திட்டியிருக்கலாம்.

சண்முகக்கனி திட்டினாரா என்றால் அதுவும் இல்லை. சீப்பில் இருந்த முடியை எடுத்துச் சுருட்டிக்கொண்டே, சுவரைப் பார்த்துப் பேசினார்.

"எங்க பள்ளிக்கூடத்துல சத்துணவு போடுத அம்மா ஒண்ணு. எரநூறு பிள்ளைகளுக்குச் சோறு போடணும் அதுக்கு. இவனுக்கு வீங்குன மறுநாளு ஒரே ஒரு தடவ எங்கிட்ட கேட்டுச்சு, என்ன ஆச்சு தம்பிக்குன்னு. அதுக்கப்புறம் அஞ்சாவது முடிக்க மட்டும் முட்டை போடுத நாள்ல இவன் தட்டுல வாழப்பழம்தான் இருக்கும். ஒரு நாளும் மறக்கல."

அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவேயில்லை. "ரேகைய வாங்கிட்டுப் போங்க" என்றார். அண்ணாச்சி என்று சொல்லவில்லை.

ரேகை வாங்கினேன். இரண்டாவது தாளில் என் வாக்குமூலத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். பத்தாம் தேதி கொடுத்தது பொய் என்பதில் தொடங்கி ஒரு பக்கம். கையெழுத்துப் போட்டு இரண்டையும் மதியம் மேஜரிடம் கொடுத்தேன். அவர் என்னுடையதை இரண்டு தடவை படித்தார். உட்காரச் சொல்லவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

வசுமதியிடம் சொன்னேன். "வேலை போயிடுமா" என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். "அந்தப் பையன் கை சரியாகுமா" என்று கேட்டாள். டாக்டருக்கே தெரியவில்லை என்றேன். மோட்டார் சரியாகிவிட்டதாம்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

என் பெயரைப் பயணப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். கோர்ட் மார்ஷல் இருக்கும் என்கிறார்கள், தேதி சொல்லவில்லை. எம்.ஐ. ரூமில் மருந்தைத் தொடக்கூடாது. தரை துடைக்கலாம், பெஞ்சு போடலாம்.

பூவலிங்கத்தை நேற்று ரயிலேற்றிவிட்டார்கள். வியாகுலம்தான் ஸ்டேஷனுக்குப் போய், வழியில் சாப்பிடப் புளிச்சோறு கட்டிக்கொடுத்தாராம். என்னை வரச்சொல்லி யாரும் கேட்கவில்லை. அவன் காகிதத்தில் மறைத்தான் என்ற வார்த்தை இல்லை, அதைக் கேப்டன் அனிர்பன் காட்டினார். கை அப்படியேதான் இருக்கிறது.

இன்று மீதி ஐம்பத்தைந்து பேருக்கு ஊசி. வேறு யூனிட்டிலிருந்து ஒரு நர்சிங் அசிஸ்டென்ட் வந்திருந்தான், பெயர் அருளப்பன். படிவங்கள் வெறுமையாக இருந்தன. ஒவ்வொருவனையும் எதிரில் நிறுத்தி, முகத்தைப் பார்த்து, முட்டை சாப்பிட்டால் ஏதாவது செய்யுமா என்று கேட்டான். பதில் வந்த பிறகு எழுதினான். யாரும் சிரிக்கவில்லை.

நான் துடைப்பத்தோடு வராந்தாவில் நின்றேன். நாடி பார்க்கிற பழக்கத்தில் கை தானாக வாட்சுக்குப் போயிற்று. கேட்டு, பதில் வாங்கி, எழுத, பதினொரு விநாடி. திரும்பத் திரும்பப் பார்த்தேன். பதினொன்று, மிஞ்சினால் பன்னிரண்டு.

நூற்றுப் பதினெட்டுப் பேருக்கு இருபத்திரண்டு நிமிடம்.